பந்தல் கம்பியும் அதிரும் கோலும்

கம்பம் பள்ளத்தாக்கில் பார்வையில்லாதவர்களுக்கு நடைப்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவனுக்குத் திராட்சைத் தோட்டம்தான் பெரிய பரீட்சை. கல்தூண் நட்டு, மேலே கம்பி பின்னி, ஆள் உயரத்துக்குப் பந்தல் போட்டிருப்பார்கள். பந்தலின் பாரத்தில் ஓரத்துத் தூண்கள் உள்ளே சாய்ந்துவிடாமல் இருக்க, தூணின் தலையிலிருந்து ஒரு கம்பியைச் சாய்வாக வெளியே இழுத்துத் தரையில் புதைத்த கல்லில் கட்டியிருப்பார்கள். ஒற்றையடிப்பாதை அந்தக் கம்பிகளை ஒட்டித்தான் போகும். வெள்ளைக்கோலை இடவலமாகத் தட்டிக்கொண்டு வருகிறவரின் கோல் கம்பிக்கு அடியில் வெறும் காற்றில் வீசிப்போகும். கழுத்தோ கன்னமோ போய்க் கம்பியில் இடிக்கும். கோலுக்குத் தெரிவது இடுப்புக்குக் கீழே இருப்பது மட்டும். அதற்கு மேலே இருப்பதை முகம்தான் கண்டுபிடிக்க வேண்டும். என்னிடம் பழகியவர்கள் பலருக்கு நெற்றியிலோ மூக்கிலோ ஒரு தழும்பு உண்டு.

தலை உயரத்தில் இருப்பதையும் முன்கூட்டியே சொல்கிற கருவி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் எனக்கு ஓடைப்பட்டிப் பந்தல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. ஆனால் அந்தக் கதைக்கு வரும் முன்பு கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் இந்த வேலைக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில். தேனி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது; தனி மாவட்டமானது 1996ல்தான். அரவிந்த் கண் மருத்துவமனை 1985ல் தேனியில் கிளை தொடங்கியிருந்தது. ஊர் ஊராகக் கண் முகாம் நடக்கும். கண்புரை உள்ளவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அறுவை செய்து, சில நாளில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். பேரப்பிள்ளையைக் குரலால் மட்டும் அறிந்திருந்த கிழவி முகத்தைப் பார்த்து, "என் மக ஜாடைடா நீ" என்று சொல்வதைக் கேட்கத் தெருவே கூடும். நான் தேடிப்போனது அந்த வண்டியில் ஏற முடியாதவர்களை. கண் நரம்பு கெட்டவர்கள், பிறவியிலேயே பார்வையில்லாதவர்கள், சின்ன வயதில் அம்மையிலும் சத்துக்குறைவிலும் கருவிழி வெந்துபோனவர்கள். ஒரு தொண்டு நிறுவனம் எனக்கு ஒரு சைக்கிளும் மடக்குகிற வெள்ளைக்கோல்கள் நிறைந்த ஒரு ரெக்சின் பையும் கொடுத்தது.

அதற்கு முன் மதுரையில் பயிற்சி. பாதி நேரம் எங்கள் கண்ணைக் கட்டித்தான் விடுவார்கள். கோல் பிடிக்கிற முறையை வகுத்தவர் ரிச்சர்ட் ஹூவர் என்ற அமெரிக்கர். 1944 வாக்கில், போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்காக ராணுவ மருத்துவமனையில் வகுத்தது அது. இடதுகால் முன்னே போகும்போது கோலின் நுனி வலப்பக்கம் தரையைத் தொட வேண்டும், வலதுகாலுக்கு இடப்பக்கம். அதாவது, அடுத்த கால் விழப்போகிற இடத்தைக் கோல் முன்னமே தொட்டுப் பார்த்துவிடும். கேட்க ரொம்பச் சுலபம். மாரியம்மன் கோயில் தெருவில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தால்தான் கைக்கும் காலுக்கும் எவ்வளவு சண்டை என்று தெரியும். ஒழுங்கான தார்ச்சாலைக்கும் நடைமேடைக்கும் வகுத்த முறை இது. சாணிக்குழியும் மாட்டுத்தும்பும் வாய்க்கால் மதகும் உள்ள ஊருக்கு அதை நாங்கள்தான் வளைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஊரில் முதல் எதிர்ப்பு கோலுக்குத்தான். "குச்சியக் குடுத்து எம்புள்ளயப் பிச்சைக்காரனாக்கப் பாக்குறியா?" என்று கோம்பையில் ஒரு தாய் என்னை வாசலிலேயே நிறுத்திவைத்தார். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைகள்தான் அப்போது அதிகம். இருபது வயதுப் பையனுக்குத் தன் தெருவின் நீளம் தெரியாது. அவனுக்குக் கோல் கொடுப்பதற்கு முன்னால் வாசலைத் தாண்டும் தைரியம் கொடுக்க வேண்டும்; அந்தத் தைரியம் அவன் அம்மாவுக்கும் வர வேண்டும். மாதக்கணக்கில் போகும் அந்த வேலைக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் ஒரு வரி இருந்ததில்லை.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனி பிறந்துவிட்டால் மேற்கு மலை இடைவெளி வழியாக இந்தப் பள்ளத்தாக்கில் காற்று புகுந்து ஆவணி வரை ஓயாது. ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். பார்வையுள்ளவர்களுக்குக் கண்ணில் தூசி விழுவதோடு சரி. பார்வையில்லாதவருக்கு அந்த மாதங்களில் காதே பாதி அடைத்துவிடும். லாரி வருகிறதா, தென்னை இரைகிறதா என்று பிரிக்க முடியாது. நான் புதிதாக ஒருவரைச் சாலை கடக்கப் பழக்குவதென்றால் பங்குனியிலேயே ஆரம்பித்துவிடுவேன். ஆடியில் ஒருபோதும் இல்லை.

காதின் வேலையை நான் கற்றுக்கொண்டது சீலையம்பட்டியில் ஒரு பெரியவரிடம். கோல் இல்லாமலே ஊருக்குள் நடப்பார். சுவர் வந்தால் ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிடுவார். "எப்படிய்யா தெரியுது?" என்றால், "மொகத்துல தட்டுதுப்பா" என்பார். கன்னத்தில் ஏதோ நிழல் விழுந்த மாதிரி இருக்குமாம். பின்னாளில் படித்தேன்: அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1944ல் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். முகத்தைத் துணியால் மூடிவிட்டுக் காதைத் திறந்துவைத்தால் சுவர் தெரிகிறது. காதை அடைத்துவிட்டால் தெரியவில்லை. ஆக, காலடிச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதைக் காது கேட்கிறது, ஆளுக்கு அது முகத்தில் உணர்வதாகத் தோன்றுகிறது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அதான் காத்தடிக்கிற மாசத்துல மொகம் மரத்துப்போகுதா?" என்று கேட்டார். இதைவிடச் சரியாக எந்த ஆராய்ச்சியாளரும் சொல்லியிருக்க மாட்டார்.

இந்த எதிரொலியைக் கருவியாக்கும் முயற்சி பழையது. லெஸ்லி கே என்ற பொறியாளர் 1960களிலேயே கையில் பிடிக்கும் ஒலி டார்ச் ஒன்றைச் செய்தார். பிறகு அதையே மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தார். உடலில் அணிகிற கருவிகளுக்கு அதுதான் மூத்த அண்ணன். எதிரே இருக்கும் பொருளின் தூரத்துக்கு ஏற்பக் காதில் சுருதி மாறும். பழகியவர்கள் செடிக்கும் தூணுக்கும் வித்தியாசம் சொன்னார்களாம். அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும், விலையும் எட்டாது. எனக்கு ஒரு விஷயம் அப்போதே உறுத்தியது: சாலையைக் கேட்க வைத்திருக்கிற காதுக்குள் கருவியின் சத்தத்தை ஊற்றினால் அப்புறம் லாரியை எதால் கேட்பது?

2004ல் எங்கள் வேலை வேறொரு பக்கமிருந்து மாறியது. தேனியை அடுத்த அம்பாசமுத்திரத்தில் அரவிந்தின் முதல் கண் பரிசோதனை மையம் வந்தது. பிறகு போடி, சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வந்து உயரமான கம்பங்களில் ஆன்டெனா கட்டி, நீண்ட தூர வைஃபை இணைப்பு கொடுத்தார்கள். சின்னமனூரில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியில் இருக்கும் டாக்டர் கணினித் திரையில் பார்த்துப் பேசினார். இதனால் என் போன்றவனுக்கு என்ன லாபம் என்றால், மாலைக்கண்ணோடு ஆரம்பித்து மெல்லப் பார்வை சுருங்கும் விழித்திரை நோய் உள்ள பிள்ளைகள் சீக்கிரம் கண்ணில் பட்டார்கள். அக்காள் மகள், மாமன் மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் நம் பக்கத்தில் அந்த நோய் குறைவில்லை. அவர்களுக்குப் பார்வை நடுவில் ஓட்டை அளவுக்கு மிஞ்சும். பேருந்துப் பலகையைப் படித்துவிடுவான், பக்கத்தில் இருக்கும் கம்பத்தில் தோள் மோதும். "நடிக்கிறான்" என்று ஊர் சொல்லும். பார்வை முழுக்கப் போவதற்குள் அவனுக்குக் கோல் பழக்கிவிட்டால் பிற்பாடு எல்லாமே எளிது. எந்த மின்கருவியும் இவர்களிடம்தான் வேகமாக ஒட்டிக்கொள்வதைப் பின்னால் பார்த்தேன்.

இனி அதிரும் கோல். டெல்லி ஐ.ஐ.டி.யில் 2005 வாக்கில் மாணவர்களின் ப்ராஜெக்டாக ஆரம்பித்தது. பேராசிரியர்கள் எம். பாலகிருஷ்ணன், பி.வி.எம். ராவ் குழுவினர் அதைப் பார்வையில்லாதவர்களை வைத்தே பல ஆண்டு சோதித்துத் திருத்தினார்கள். சக்ஷம் என்ற அறக்கட்டளை கூட நின்றது. சென்னையில் உள்ள ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரித்தது. 2014ல் 'ஸ்மார்ட்கேன்' என்ற பெயரில் வெளிவந்தது. விலை 3,000 ரூபாய் அளவில். வெளிநாட்டுக் கருவிகளின் விலையைக் கேட்டுப் பழகிய எங்களுக்கு அதை நம்பவே முடியவில்லை. வழக்கமான மடக்குக் கோலின் கைப்பிடிக்குப் பதில் இது மாட்டிக்கொள்ளும். உள்ளிருந்து மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி கிளம்பும். முன்னால், முழங்காலிலிருந்து தலை வரை ஏதாவது இருந்தால் பட்டுத் திரும்பும். 3 மீட்டர் தூரத்துக்கு ஒலி போய்வர ஒரு நொடியில் 50ல் ஒரு பங்குகூட ஆகாது. கிட்ட வர வர கைப்பிடி அதிரும் விதம் மாறும். காதைத் தொடவில்லை, கையோடு முடித்துக்கொண்டார்கள். அதிலேயே எனக்கு மரியாதை வந்துவிட்டது.

ஓடைப்பட்டியில் ஒரு தம்பி. விழித்திரை நோயில் பதினெட்டு வயதுக்குள் பார்வை போனவன். அப்பாவுக்குக் குத்தகைத் திராட்சை. பந்தலுக்கு அடியிலேயே வளர்ந்தவன், கோலும் நன்றாகக் கைவந்தவன். அவன் கையில் இதைக் கொடுத்துத் தோட்டத்துக்குள் விட்டேன். கல்தூணை இரண்டு எட்டு முன்னாலேயே சொல்லிவிட்டது. தொங்குகிற கொடியையும் சொன்னது. பந்தல் ஓரத்தில், தூணைச் சாய்வாக இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி வந்தது. சில தடவை அதிர்ந்தது, சில தடவை சும்மா இருந்தது. காரணம் சிக்கலில்லை: பென்சில் கனம்கூட இல்லாத கம்பியில் பட்டுத் திரும்பும் ஒலி ரொம்பக் கொஞ்சம், அதுவும் கம்பி சாய்வாக இருந்தால் வந்த வழியே திரும்பாமல் வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். அடுத்த தோட்டம் வாழை. அங்கே காற்றில் ஆடும் ஒவ்வொரு இலைக்கும் கைப்பிடி அதிர்ந்தது. "அண்ணே, இது ஆடி மாசத்துல என்னயத் தூங்கவிடாது போலருக்கே" என்றான்.

பிறகு அவனும் அவன் அப்பாவும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். பாதையை ஒட்டிய ஸ்டே கம்பிகளுக்கெல்லாம் பழைய பிவிசி குழாயை நீளவாக்கில் கீறி மாட்டினார்கள். கம்பி தரையைத் தொடும் இடத்தில் ஒரு கல்லை நிமிர்த்தி வைத்தார்கள். குழாயின் பருமனுக்குக் கருவி அதிர்ந்தது. கருவி இல்லாதவர் கோலுக்குக் கல் தட்டுப்பட்டது. மின்கம்பத்து ஸ்டே கம்பிகளுக்கும் இதைச் செய்யலாமே என்று நான் கேட்டுப் பார்க்காத அலுவலகம் இல்லை. அது இன்னும் நடக்கவில்லை.

அந்தத் தம்பிதான் பேருந்து நிலையத்தில் எனக்கு இன்னொன்றைக் காட்டினான். கூட்டத்தில் கருவி ஓயாமல் அதிரும், அணைத்துவிடச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அவன் தூரத்தைக் குறைக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டான். வரிசையில் நிற்பவரின் முதுகு வந்ததும் கை அதிர, நின்றுவிட்டான். "முன்னாடியெல்லாம் குச்சி போயி யாராவது பொம்பளைங்க கால்ல படும். கண்ணு தெரியலயான்னு கத்துவாங்க. தெரியலக்கான்னு சொன்னா, அப்பறம் அழுவாங்க. ரெண்டையும் கேக்க வேண்டாம்ல இப்ப?" என்றான். பாதுகாப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் மானமும் ஒரு பங்கு. சந்தையில் தார்ப்பாய்க் கயிறு, தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும் ஜன்னல் கதவு, வாழைத்தார் துருத்திக்கொண்டு நிற்கும் மினி லாரியின் பின்புறம், கூரைச் சரிவின் விளிம்பு: இவற்றில் அந்தக் கருவியின் உழைப்பைக் குறை சொல்ல முடியாது. கீழே உள்ள பள்ளத்தை அது சொல்லாது. சொல்வதாக அதைச் செய்தவர்களும் ஒருநாளும் சொன்னதில்லை. பள்ளத்துக்குக் கோலின் நுனி இருக்கிறது. அது புரியாமல், கருவி அதிரவில்லை, எனவே வழி சுத்தம் என்று நடப்பவர்தான் திறந்த சாக்கடையில் விழுகிறார்.

விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் இந்தக் கோல்கள் இலவசமாகவே வரத் தொடங்கின. மண்டபத்தில் விழா. மேடையில் வரிசையாக அழைத்து, கையில் பெட்டியைக் கொடுத்து, ஒரு படம் எடுத்து, சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவார்கள். எந்த ஊர், எந்த விழா என்று சொல்லப்போவதில்லை. ஒரு இடத்தில் மட்டும் நடந்ததும் அல்ல. அடுத்த மாதம் வீடு தேடிப் போனால் பெட்டி பரண்மேல் இருக்கும். சிலர் சார்ஜரைப் பேரனின் போனுக்குக் கொடுத்திருப்பார்கள். ஒரு அம்மா கருவியைச் சாமி அலமாரியில் வைத்திருந்தார். சாதாரணக் கோலே பிடித்தறியாதவர் கையில் அதிரும் கோலைக் கொடுப்பது, சைக்கிள் ஓட்டத் தெரியாதவனுக்கு மோட்டார் சைக்கிள் கொடுக்கிற கதை. கருவிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், அதைக் கொண்டு நடக்கக் கற்றுக்கொடுக்கும் ஆளின் நாட்கூலிக்கும் பேருந்துச் செலவுக்கும் சேர்த்து ஒதுக்கினால் பாதிப் பெட்டிகள் பரணிலிருந்து இறங்கிவிடும். முப்பது வருடமாக இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறேன்.

ரிப்பேர் இன்னொரு கூத்து. பேட்டரி போனால் சென்னைக்கு அனுப்பு, டெல்லிக்கு அனுப்பு என்பார்கள். கூரியர் செலவைப் பார்த்தே கருவி பரணுக்குப் போய்விடும். கம்பத்தில் ஒரு செல்போன் கடைப் பையன் ஒரு கோலைத் திறந்து பார்த்து, "இம்புட்டுத்தானா?" என்று கேட்டுச் சரிசெய்து கொடுத்தான். அன்றிலிருந்து பழுதானவை எல்லாம் அவனிடம்தான். உத்தரவாதம் போய்விடும் என்று ஒரு அதிகாரி கண்டித்தார். பரணில் இருக்கிற கருவிக்கு உத்தரவாதம் எதற்கு?

தை பிறந்தால் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். கடைசி வருட ப்ராஜெக்ட். கையில் ஒரு கூலிங்கிளாஸ், நெற்றியில் தவளைக் கண் மாதிரி இரண்டு வட்டம் வைத்த சென்சார், பின்னால் ஒயர், பாக்கெட்டில் ஆர்டுயினோ பலகை, கிட்டப் போனால் கத்தும் பஸ்ஸர். தொப்பி, பெல்ட், செருப்பு, கையுறை என்று எல்லாமும் வந்திருக்கின்றன. அந்தச் சென்சார் 4 மீட்டர் வரை பார்க்கும், குறுகலாகப் பார்க்கும். காலேஜ் வராந்தாவில் கண்ணைக் கட்டி நடந்து காட்டிப் பரிசும் வாங்கியிருப்பார்கள். நான் அவர்களை உத்தமபாளையத்துப் பக்கம் ஒரு வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போவேன். கண்ணாடி நேரே பார்க்கிறது. வாய்க்கால் கீழே இருக்கிறது. பஸ்ஸர் மூச்சுவிடாது. "சார், இது நாங்க யோசிக்கல" என்று முகம் வாடுவார்கள். அவர்களைக் கேலி செய்ய நான் இதைச் செய்வதில்லை. பார்வையில்லாத ஒருவரைக்கூடக் கேட்காமல் அவருக்காக ஒன்றைச் செய்துவிடலாம் என்ற எண்ணத்தோடு அவர்கள் கல்லூரியை விட்டுப் போய்விடக் கூடாது. ஒரு வருடம் இரண்டு பெண்பிள்ளைகள் பஸ்ஸரைப் பிடுங்கிப்போட்டு, இடுப்புப் பட்டையில் இடம், வலம், நடு என்று மூன்று அதிர்வு மோட்டார் வைத்துக்கொண்டு மறுபடி வந்தார்கள். தடை எந்தப் பக்கம் என்று உடம்பே சொல்லிவிட்டது. மழைத்தண்ணீர் பட்டதும் அது செத்துப்போனது வேறு விஷயம்.

அணிகிற கருவிகள்மேல் மக்களுக்கு இருக்கும் ஆசையின் காரணம் தொழில்நுட்பக்காரர்கள் நினைப்பதிலிருந்து வேறானது. கோல் ஊருக்குத் தெரியும். கண்ணாடியோ செருப்போ ஊருக்குத் தெரியாது. ஹைதராபாத் நிறுவனம் ஒன்று 'லே சல்' என்று, போனில் உள்ள வரைபடத்தோடு இணைந்து இடம் வலம் திரும்ப அதிரும் காலணி செய்தது. 2014ல் அது பெரிய செய்தி. அதைப் படித்துச் சொன்னதும் காமயகவுண்டன்பட்டியில் ஒரு பெண் கேட்ட முதல் கேள்வி, "அப்ப குச்சி வேணாமாண்ணே?" வேண்டும் என்றேன். "அப்பறம் என்னத்துக்கு அது?" என்று பேச்சை முடித்துவிட்டார். அவர் தெருவில் பார்வையில்லாத ஆண்கள் தெருமுனை வரை கோலோடு போவார்கள், ஊர் பழகிவிட்டது. கல்யாண வயதில் இருக்கும் பெண் கோலோடு போனால் தங்கைக்கு வரன் வராது என்று வீட்டில் கவலை. விடியற்காலை ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறிக் கேரளத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் உள்ள ஊர் அது. பெண் வெளியே போவது அங்கே புதிதில்லை. கண் தெரியாத பெண் தனியே போவதுதான் புதிது. அவருக்கு அத்தை மகள் ஒருத்தி கைகொடுத்தாள். முதலில் அவளோடு கடை வரை, பிறகு அவள் பத்தடி பின்னால், பிறகு அவள் வீட்டிலேயே. கோல் கையில் இருந்தது. இப்போது அவர் சுயஉதவிக்குழுப் பணத்தைக் கட்டத் தானே வங்கிக்குப் போகிறார்.

போன் செய்த வேலையை மட்டும் குறைத்துச் சொல்லக் கூடாது. தமிழில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் வந்த பிறகு பையன்கள் எல்லாம் மாறிப்போனார்கள். 2016க்குப் பிறகு வந்த புது ரூபாய் நோட்டுகளின் அளவு தடவிப் பிரிக்க முடியாத வித்தியாசத்தில் இருந்தது. பெட்டிக்கடை நடத்துகிற என் ஆட்கள் திண்டாடினார்கள். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே 'மணி' என்ற செயலியை வெளியிட்டது, நோட்டைக் காட்டினால் தொகையைச் சொல்லும். வழி காட்டும் வரைபடம் நகரத்தில் சரி. எங்கள் ஊர்களில் செயற்கைக்கோள் காட்டும் இடம் நாலைந்து மீட்டர் தள்ளி இருக்கும். நாலு மீட்டர் என்பது பாதைக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம். சந்துக்குப் பெயரும் இருக்காது. மாவு மில் சத்தம், டீக்கடைப் பால் வாசனை, மெயின் ரோட்டில் ஏறும் மேடு, இதையெல்லாம் வரிசையாக மனதில் கட்டித் தருவதுதான் என் வரைபடம்.

அந்த வரைபடத்தையும் உலகம் அழித்துக்கொண்டே இருக்கும். மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் 2010ன் கடைசியோடு நின்றது. தேனிவரை அகலப்பாதை ரயில் திரும்ப வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூனில். நடுவில் பத்து வருடத்துக்கும் மேலாகச் சத்தமே இல்லாத இடமாக ரயில்பாதை இருந்தது. அந்தக் காலத்தில் நடக்கக் கற்ற இளைஞர்களுக்கு அங்கே ரயில் வரும் என்பதே கேள்விஞானம். நான் ஒவ்வொருவரையாகக் கூட்டிப்போய், கேட் மூடும் மணிச் சத்தத்தையும், மூடிய கேட்டுக்கு முன்னால் வண்டிகள் இன்ஜினை அணைக்கும்போது வரும் அமைதியையும் கேட்கச் செய்தேன். கருவிகள் எதுவும் ரயிலைச் சொல்லாது. 3 மீட்டரில் ரயிலைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? சத்தமில்லாத மின் ஸ்கூட்டர்கள் இன்னொரு தலைவலி. பழைய புல்லட்டை இவர்கள் மலைக்கு அந்தப்பக்கம் வரும்போதே சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக வந்தவை கேமரா வைத்த கண்ணாடிகள். இஸ்ரேலின் ஆர்கேம் முதலில் பேசப்பட்டது. தமிழ்ப்பெயர் கொண்ட இரண்டு இளைஞர்கள், கார்த்திக் மகாதேவனும் கார்த்திக் கண்ணனும், நெதர்லாந்தில் 'என்விஷன்' தொடங்கினார்கள். பெங்களூரின் எஸ்.எச்.ஜி. டெக்னாலஜிஸ் செய்த 'ஸ்மார்ட் விஷன் கிளாஸஸ்'தான் எங்கள் கைக்கு எட்டியது. கண்ணாடிச் சட்டத்தில் கேமரா, போனோடு இணைப்பு. நாலு வேலை செய்யும்: சுற்றி இருப்பதைச் சொல்லும், அச்சைப் படிக்கும், நடக்கும்போது தடையைச் சொல்லும், பழகியவர் முகத்தை அடையாளம் சொல்லும். சின்னமனூரில் ஒரு ஆசிரியர் அதை வாங்கினார். அவருடைய பயன்பாட்டைக் கூட இருந்து கவனித்ததில், நடப்பதற்கு அவர் அதை நம்புவதே இல்லை. மின்கட்டண ரசீது, மருந்து அட்டையின் பின்புறம், மாணவர் வருகைப் பட்டியல், கல்யாணப் பத்திரிகை: எல்லாம் படிப்புத்தான். நடக்கும்போது கண்ணாடி "முன்னால் ஆள்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆள் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அவர் கணக்கில் அது பேசும் மேசை, கோல் தனி. நானும் அப்படித்தான் சொல்வேன்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. பார்வை போன பாண்டிய ராஜா வேண்டி நிற்க, கௌமாரியம்மன் ஒரு கண்ணும் கண்ணீஸ்வரமுடையார் மறு கண்ணும் கொடுத்ததாகத் தலவரலாறு. எங்கள் ஆட்கள் வருடம் தவறாமல் போவார்கள். அக்கினிச்சட்டிக் கூட்டத்தில் கோலையும் வீச முடியாது, கருவியும் வேலைக்காகாது. முன்னால் போகிறவர் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரை எட்டுப் பின்னால் நடப்பதுதான் வழி. பயிற்சியின் முதல் நாள் பாடம் அது. இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்த ஆசிரியரைப் பார்த்துப் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "ஒரு கண்ணு ஆத்தா குடுத்தா, ஒண்ணு சிவன் குடுத்தாரு. பெங்களூர்க்காரன் குடுத்தது எத்தனாவது சார்?" "இ.எம்.ஐ. முடியட்டும், சொல்றேன்" என்றார் ஆசிரியர்.

இப்போது எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் யூடியூப் பார்த்துவிட்டு வருபவை. போன வாரம் கூடலூரிலிருந்து ஒரு அம்மா. மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், மதுரையில் கல்லூரியில் சேர்க்கப்போகிறார்கள், எந்தக் கண்ணாடி நல்லது என்று கேட்டார். கம்பெனிகளின் பெயர்களையெல்லாம் என்னைவிடத் தெளிவாகச் சொன்னார். சொந்தக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வாங்கித் தரத் தயாராம்.

"தம்பி கடைக்கெல்லாம் தனியாப் போவானாம்மா?"

"அய்யோ, அவன தெருவுல தனியா விட்டதே இல்ல சார்."

"வெள்ளைக்கோல் வச்சிருக்கானா?"

"ஸ்கூல்ல குடுத்தாங்க. புதுசா அப்பிடியே இருக்கு."

"அத எடுத்துத் தொடச்சு வைங்க. வெள்ளிக்கிழம காலைல காத்துக் கெளம்புறதுக்கு முன்னாடி வாரேன். கண்ணாடிய அப்பறம் பாத்துக்கிடலாம்."

"எத்தன நாள் சார் ஆகும்?"

காலேஜ் திறப்பதற்குள் பேருந்து நிலையம் வரை வந்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.